தோட்டத்தின் ஈர மூலையும் அரசப் பெரணியும்



இன்றைய உரையின் பொருள் ஒரு பெரணி. பூக்காது, காய்க்காது, விதை வைக்காது. ஆனாலும் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். லின்னேயஸ் 1753இல் இதற்கு ஆஸ்முண்டா ரெகாலிஸ் என்று பெயரிட்டார். தோட்டக்காரர்கள் ராயல் பெர்ன் என்பார்கள். தமிழில் அரசப் பெரணி எனலாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய பெரணிகளில் இது ஒன்று. அங்குள்ள சதுப்புகளிலும் ஆற்றங்கரைகளிலும், ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும், ஆசியாவின் சில இடங்களிலும் தானாக வளர்கிறது.

பெரணி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எது? வராந்தாவில் தொங்கும் தொட்டி. கிணற்றுச் சுவரின் இடுக்கில் தலைநீட்டும் சின்னஞ்சிறு இலைகள். எப்போதும் பச்சை, எப்போதும் சிறிது, எப்போதும் நிழல். அரசப் பெரணி இந்தக் கணக்கு எதற்கும் அடங்காது. குளிர்காலம் வந்தால் ஓர் இலைகூட மிச்சமில்லாமல் உதிர்ந்து போகும். கோடையில் ஒன்றரை மீட்டர் வரை சாதாரணமாக உயரும். வேர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டு மீட்டரையும் தாண்டும். அடியில் ஈரம் வற்றாதிருந்தால் வெயிலிலும் நிற்கும்.

ஏன் இத்தனை வேறுபாடு? ஒரே சொல்லில் விடை சொல்லலாம்: தண்ணீர். இந்தச் செடியின் உயரத்துக்குக் காரணம் தண்ணீர். அதன் இனப்பெருக்கத்துக்கு வேண்டியது தண்ணீர். இயற்கையில் அது அருகிப்போனதற்கு ஒரு காரணம், சதுப்பிலிருந்து தண்ணீரை வடித்தது. தோட்டத்தில் அது தழைப்பதும் சாவதும் தண்ணீரைப் பொறுத்தது. உரமும் மருந்தும் கவாத்தும் அதற்குப் பிறகுதான். உண்மையில் அவை பெரும்பாலும் தேவையே இல்லை.

முதலில் உடலமைப்பு. மண்ணுக்குள் தடித்த மட்டநிலத்தண்டு ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஆண்டுதோறும் உதிரும் இலைக்காம்புகளின் அடிப்பகுதிகள் அடுக்கடுக்காக நின்றுவிடும். அந்த அடுக்குகளுக்கிடையே கறுத்த, கம்பி போல் விறைத்த வேர்கள் பின்னிப் பின்னி அடர்ந்திருக்கும். வயது ஏற ஏற இந்தத் திரள் மண்ணுக்கு மேலே ஒரு மேடாக எழும். முதிர்ந்த செடிகளில் குட்டையான அடிமரம் போலவே தோன்றும். ஒரே மேட்டிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக இலை விட்டுக்கொண்டிருக்கும் செடிகள் உண்டு. நட்டவரைவிட அவர் பேரப்பிள்ளைகளுக்கே அதிகம் பயன்படும் செடி என்று சொன்னால் மிகையாகாது.

வசந்தத்தில் அந்த மேட்டிலிருந்து சுருண்ட இளங்குருத்துகள் கிளம்பும். பெரணிகளுக்கே உரிய அந்தச் சுருள் இங்கே பருமனானது. அதன் மேல் பழுப்பு நிறப் பஞ்சு அடர்த்தியாகப் போர்த்தியிருக்கும். குருத்து நிமிர நிமிரப் பஞ்சு உதிரும்; விரிந்து முடிந்த இலையில் அதன் சுவடுகூட இராது. இலை இரண்டு முறை பிரிந்தது. நடுக்காம்பின் இருபுறமும் ஏழு முதல் ஒன்பது இணைப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் நீள்வட்டச் சிற்றிலைகள். மற்றப் பெரணிகள் பலவற்றின் இலை ரம்பப் பல்லாக, சல்லடையாகக் கிழிந்திருக்கும். அரசப் பெரணியின் சிற்றிலை அகன்றது, ஓரம் கிட்டத்தட்ட முழுமையானது. தூரத்திலிருந்து பார்ப்பவர் இதை அவரை இனச் செடி என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு.

இலையின் உச்சிக்கு வந்தால் இன்னொரு வியப்பு. இனப்பெருக்கத்துக்கு உரிய இலைகளில் மேல்நுனிப் பிரிவுகள் பச்சையாக விரிவதில்லை. சதைப்பற்றெல்லாம் வற்றி, நரம்பு மட்டும் நின்று, அதைச் சுற்றி ஸ்போர்ப் பைகள் மொய்த்துக்கொள்ளும்; ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணியைப் பெருக்கும் நுண்தூள். முதலில் பச்சை, பிறகு துருப் பழுப்பு. தட்டைக்கு மேலே தினைக்கதிர் முற்றி நிற்பதுபோல் இருக்கும். பெரணி பூப்பதில்லை, ஆனால் இந்தக் கதிரைக் கண்ட ஆங்கிலேயர்கள் பூக்கும் பெரணி என்றே இதை அழைத்துவந்தார்கள். தாவரவியல் அறிந்தவர்கள் திருத்திப் பார்த்தார்கள். நாற்றங்கால் விலைப்பட்டியல்கள் திருந்தவில்லை.

பெரும்பாலான பெரணிகளில் ஸ்போர்ப் பைகள் இலையின் அடிப்பக்கத்தில் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பையையும் தடித்த செல்களாலான வளையம் ஒன்று சுற்றியிருக்கும். அது காய்ந்து இழுத்துப் பையை உடைக்கும். அரசப் பெரணியின் பையில் அந்த வளையம் இல்லை. ஒரு பக்கத்தில் தடித்த செல்கள் சிறு திட்டாக மட்டும் உள்ளன. மற்றப் பெரணிகளின் பையில் பொதுவாக 64 ஸ்போர்கள் இருக்கும். இதன் பையிலோ அதைப்போல் சில மடங்கு. இந்த அடையாளங்களை வைத்து, இது பெரணிக் குலத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று என்று தாவரவியலாளர்கள் கண்டார்கள்.

எவ்வளவு பழையது? ஸ்வீடனின் தென்கோடியில் ஸ்கோனெ மாகாணத்தில் கோர்சாரோட் என்னுமிடத்தில் கிடைத்த கல் ஒன்று அதற்கு விடை சொல்கிறது. ஜுராசிக் காலத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைச் சேறு அங்கே ஒரு பெரணியின் தண்டை மூடியது. கனிமம் கரைந்த வெந்நீர் தண்டுக்குள் ஊறி மிக விரைவாகக் கல்லாக இறுகியது. செல் அழுகுவதற்கு முன்பே கல்லாகிவிட்டதால், செல்லுக்குள் இருந்த உட்கருவும், பிரிந்துகொண்டிருந்த நிலையிலேயே குரோமோசோம்களும் தெரிகின்றன. 2014இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு அந்த உட்கருக்களின் அளவை இன்று வாழும் இலவங்கப் பெரணியோடு ஒப்பிட்டது. அரசப் பெரணியின் நெருங்கிய உறவு அது. அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. டைனோசர்கள் வந்தன, போயின. பூக்கும் தாவரங்கள் தோன்றி உலகை நிறைத்தன. இந்தக் குடும்பத்தின் உட்கரு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

இவ்வளவு காலம் தாங்கிய செடிக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? ரசிகர்களிடமிருந்து வந்தது!

லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829 வாக்கில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடினார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவருக்கு மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துத் தெரிந்தன. அவருடைய தோட்டத்தில் லண்டன் புகையில் பெரணிகள் செத்துக்கொண்டிருந்தன. புட்டிக்குள் இருந்ததோ தழைத்தது. ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே சொட்டியதுதான் காரணம். அதிலிருந்து பிறந்தது வார்டு பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டி. கப்பலில் மாதக்கணக்கில் செடிகளை உயிரோடு கொண்டுசெல்ல அது உதவியது. சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும், நீலகிரிக்குச் சின்கோனா கன்றுகளை அனுப்பியதும் இத்தகைய பெட்டிகளில்தான். ஒரு பெரணி முளைத்ததால் ஊட்டி மலைச்சரிவுகள் வரை விளைவு நீண்டது.

அந்தப் பெட்டி வரவேற்பறைக்குள் வந்ததும் இங்கிலாந்தில் பெரணி மோகம் தலைக்கேறியது. எழுத்தாளர் சார்ல்ஸ் கிங்ஸ்லி 1855இல் தம் நூலொன்றில் அந்த மோகத்துக்குப் பெரணிப் பித்து என்ற பொருளில் பெயரே சூட்டினார். துணியில், பீங்கானில், இரும்பு நாற்காலியில், கல்லறைக் கல்லில் எங்கும் பெரணி இலை. புதிதாகப் போட்ட ரயில் பாதைகள் வழியாக நகரத்தார் டெவன், கார்ன்வால், வேல்ஸ் எனப் புறப்பட்டார்கள். கையில் ஒரு சிறு மண்வெட்டி, ஒரு தகரப் பெட்டி. போனவர்கள் சும்மா திரும்பவில்லை. கண்ட பெரணியை வேரோடு பெயர்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

அரசப் பெரணிக்கு இதில் இரட்டை அடி. அழகாக, பெரிதாக, கரையோரத்தில் கண்ணில் படும்படி நின்றது ஒரு குற்றம். வேர்த்திரள் பயனுள்ளதாக இருந்தது இன்னொரு குற்றம். சந்தைக்கென்றே அள்ளிச் செல்பவர்கள் கிளம்பினார்கள். தப்பிய இடங்களில் சதுப்பை வடித்து வயலாக்கினார்கள். பிரிட்டனில் பல வட்டாரங்களில் இந்தப் பெரணி இப்படித்தான் காணாமல் போனது. அயர்லாந்தின் மேற்குக் கரை தப்பித்தது. கில்லார்னி ஏரிகளின் ஓரத்திலும் கெர்ரி மாவட்டத்து ஓடைகளிலும் இன்றும் அது புதர் புதராக நிற்கிறது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கிராஸ்மியர் ஏரிக்கரையில் கண்டு, அரசி என்று தம் கவிதையில் பாராட்டிய செடியும் இதுவே. பிரிட்டிஷ் பெரணிச் சங்கம் 1891இல் அந்த ஏரி மாவட்டத்தில்தான் தோன்றியது. அரசப் பெரணி இனங்களின் தேசியத் தொகுப்பும் அருகிலுள்ள சைசர்க் மாளிகைத் தோட்டத்தில் பராமரிக்கப்படுகிறது.

வேர்த்திரளின் பயன் என்ன? ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆர்க்கிடுகளில் பெரும்பகுதி மரக்கிளையில் தொற்றி வாழ்பவை. அவற்றின் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். ஆஸ்முண்டா இனங்களின் கறுத்த வேர்நார் இரண்டையும் ஒருசேரக் கொடுத்தது. தண்ணீர் ஊற்றினால் உடனே வடிந்துவிடும். நாருக்குள் ஈரம் தங்கும். இடைவெளிகளில் காற்று நிற்கும். நார் மிக மெதுவாக மக்கும்போது செடிக்குச் சிறிது உணவும் கிடைக்கும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்முண்டா நார் இல்லாத ஆர்க்கிட் இல்லமே இல்லை எனலாம். நாரைத் தொட்டியில் கட்டையால் இடித்து இறுக்குவதே ஒரு தனித் தொழில்திறமை. பிறகு நார் அரிதானது, விலை ஏறியது. 1950களிலிருந்து ஊசியிலை மரப்பட்டைத் துண்டுகள் அதன் இடத்தைப் பிடித்தன. பெரணிக்கு நல்லதே நடந்தது. நாருக்காக ஒரு செடியை வெட்டி எடுத்தால், பல பத்தாண்டு வளர்ச்சி ஒரே நாளில் போய்விடும்.

அரசப் பெரணியின் ஆசிய உறவினமான ஆஸ்முண்டா ஜப்போனிக்கா ஜப்பானில் உணவு. ஜென்மாய் என்று பெயர். வசந்தத்தில் இளங்குருத்தைப் பறித்து, பஞ்சை நீக்கி, சாம்பல் நீரிலோ சோடா மாவு கரைத்த நீரிலோ வேகவைத்துக் கசப்பை எடுப்பார்கள். பிறகு வெயிலில் உலர்த்துவார்கள். உலரும்போதே அவ்வப்போது கையால் பிசைந்து கொடுக்க வேண்டும். நீக்கிய பஞ்சும் வீணாவதில்லை. வடகிழக்கு ஜப்பானில் அதை நூலோடு சேர்த்து நெய்யும் வழக்கம் இருந்தது.

இனித் தோட்டம். இந்த உரையின் நடுப்பகுதி இதுவே.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதோ ஒரு தாழ்வான மூலை இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். கூரைத் தண்ணீர் அங்கே வந்து சேரும். ரோஜா வைத்தால் வேர் அழுகும். புல் வைத்தால் பாசி பிடிக்கும். வழக்கமாகச் செய்வது என்ன? மண் கொட்டி மேடாக்குவது, அல்லது குழாய் பதித்து வடிப்பது. செலவும் ஆகிறது, தண்ணீரும் போகிறது. குளிர்நாட்டுத் தோட்டத்தில் அந்த மூலையை அப்படியே விட்டு அரசப் பெரணியை நட்டால் போதும். குறை என்று எண்ணிய இடம் தோட்டத்தின் சிறந்த இடமாகிவிடும். வில்லியம் ராபின்சன் 1870இல் எழுதிய காட்டுத்தோட்டம் பற்றிய நூலின் சாரமும் இதுதான்: நிலத்தை வளைத்துச் செடிக்கு ஏற்றதாக்குவதைவிட, இருக்கும் நிலத்துக்கு ஏற்ற செடியைத் தேடுவது மேல். அந்தக் கொள்கைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இடம் எது? குளத்தின் கரை, ஓடையின் விளிம்பு, சதுப்புத் தோட்டம். வேர் நீர்மட்டத்தைத் தொடலாம். ஆனால் குருத்து கிளம்பும் தலைப்பகுதி எப்போதும் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மறந்து செடியைக் குளத்துக்குள் இறக்கி வைப்பவர்கள் அதை இழக்கிறார்கள். ஈரம் வேறு, மூழ்குதல் வேறு.

மண் எப்படி? அமிலத்தன்மை உள்ளது, மக்கு நிறைந்தது, சுண்ணாம்பு இல்லாதது. பழைய நூல்கள் பீட் மண்ணைக் கூடை கூடையாகப் போடச் சொல்லும். பீட் என்பது சதுப்புநிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்த்து வைத்த பாசி மக்கு. ஒரு சதுப்புச் செடியை வளர்க்க இன்னொரு சதுப்பைத் தோண்டி அழிப்பது எந்த ஊர் நியாயம்? மக்கிய இலை உரமும் மரப்பட்டைத் தூளும் அதே வேலையைச் செய்யும். தண்ணீரிலும் கவனம் தேவை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணின் அமிலத்தன்மை மெல்ல மாறிவிடும். மழைநீரே உத்தமம்.

வெயிலா, நிழலா? ஈரம் குறையாத இடத்தில் முழு வெயிலும் ஏற்கும். ஈரம் ஏற்ற இறக்கமாக இருந்தால் அரைநிழல் வேண்டும். கோடையில் ஒரு வாரம் மண் காய்ந்தாலும் இலை ஓரம் கருகும். செடி சாகாது, ஆனால் அந்த ஆண்டின் அழகு போய்விடும். உயரமும் அப்படியே. ஒரே நாற்றங்காலில் வாங்கிய இரண்டு செடிகளில் ஒன்றைக் குளக்கரையிலும் மற்றொன்றைச் சாதாரணப் பாத்தியிலும் வைத்தால், சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே இனமா என்ற ஐயம் வரும்.

குளமோ ஓடையோ இல்லாதவர்கள் என்ன செய்வது? சதுப்பைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குளங்களுக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பை உள்ளே விரிக்க வேண்டும். விரிப்பில் ஆங்காங்கே கம்பியால் துளையிட வேண்டும். துளை இல்லாவிட்டால் தண்ணீர் அசையாமல் கெட்டு நாறும். துளை மிகுந்தால் ஈரமே நிற்காது. அடியில் கொஞ்சம் சரளை, மேலே மக்கு கலந்த மண். கூரையிலிருந்து வரும் மழைநீர்க் குழாயை அதில் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேலே தடிமனாக இலைமக்கு மூடாக்கு இட்டால் மீதியும் முடிந்தது.

நடும்போது செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டராவது இடைவெளி விட வேண்டும். சிறு நாற்றைப் பார்த்து, இதற்கா இவ்வளவு இடம் என்று நெருக்கி வைக்கும் ஆசை எழும். அந்த ஆசைக்கு இணங்கினால் பத்தாண்டில் தண்டனை கிடைக்கும்: வேர்மேடு பெரிதானபின் அதை இடம் மாற்றுவது இரண்டு ஆள் வேலை. தனியாக ஒரே செடி நின்றாலும் அழகே. தண்ணீரில் அதன் நிழல் விழும்படி ஒன்றை நட்டுவிட்டு, சுற்றிலும் தாழ்ந்த செடிகளை வைப்பது தேர்ந்த தோட்டக்காரர்களின் வழக்கம். சைபீரிய ஐரிசின் வாள் இலைகள், ஈரம் விரும்பும் ஜப்பானியப் பிரிமுலாக்கள், அஸ்டில்பியின் பூங்கொத்துகள், ஹோஸ்டாவின் அகன்ற இலைகள் எல்லாம் இதற்கு ஏற்ற துணைகள். அமில மண் விரும்பும் ரோடோடென்ட்ரான் பின்னணியில் நிற்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: வண்ணப் பூக்களை அதன் காலடியில் மிதமிஞ்சி நிறைத்தால் பெரணியின் வடிவம் கலைந்துபோகும்.

இலையுதிர் பெரணி என்பதால் குளிர்காலத்தில் அந்த இடம் வெறுமையாகிவிடாதா? இந்தக் கேள்வி எல்லோருக்கும் எழும். இலையுதிர்காலத்தில் இலைகள் முதலில் மஞ்சளாகி, பிறகு பொன்னிறப் பழுப்பாகும். பூச்செடிகள் எல்லாம் முடிந்துபோன அந்த வாரங்களில் குளக்கரையில் நிறம் காட்டுவது இதுவே. பனி கடுமையானதும் இலைகள் சாய்ந்து விழும். விழுந்ததை உடனே வெட்டி அள்ளத் தேவையில்லை. அது தலைப்பகுதிக்குப் போர்வையாகட்டும். வசந்தத்தின் தொடக்கத்தில், சுருள்கள் கிளம்பும் முன் அகற்றினால் போதும். தாமதித்தால் புதிய சுருள்கள் ஒடியும். செடி கடுங்குளிரைத் தாங்கும். ஆனால் வசந்தத்தில் காலம் தப்பி வரும் பனி, அப்போதுதான் எழுந்த குருத்துகளைக் கறுக்க வைத்துவிடும். அந்த இரவுகளில் மட்டும் ஒரு சாக்கைப் போர்த்துவது நல்லது. வேறு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பூச்சித் தொல்லை அரிது. மான்கூட வேறு வழியில்லாவிட்டால்தான் வாய் வைக்கும்.

தோட்ட வகைகளில் இரண்டைச் சொன்னால் போதும். பர்பியூராசென்ஸ் வகையின் குருத்து செம்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் எழும்; இலை பச்சையான பின்னும் காம்பில் ஊதா நிற்கும். கிரிஸ்டாட்டா வகையில் சிற்றிலை நுனிகள் கொண்டை கொண்டையாகப் பிரிந்திருக்கும், உயரம் குறைவு. கொண்டை வைத்த பெரணிகள் பெரணிப் பித்துக் காலத்தின் மிச்சம். அவற்றை விரும்புபவர்கள் உண்டு; இயல்பான இலையின் கம்பீரத்துக்கு முன் அவை சற்றே வேடிக்கையாகத் தெரிகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஈரம் விரும்பும் இலையுதிர் பெரணி இது ஒன்றுதானா? இல்லை. தீக்கோழிப் பெரணி உண்டு. அதன் இலைகள் பூச்சாடி வடிவில் வட்டமாக எழும். மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளால் இடத்தைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். பெரிய தோட்டத்துக்குச் சரி, சிறிய தோட்டத்துக்குத் தலைவலி. உணர்வுப் பெரணி என்ற ஒனோக்லியா, முதல் உறைபனி பட்டதுமே கருகி விழும். அதுவும் ஓடிப் பரவும். அரசப் பெரணி ஓடுவதில்லை. வைத்த இடத்தில் நிற்கும். சிறு குளக்கரைக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் ஸ்போர் ஓடும். நியூசிலாந்துக்கு அலங்காரச் செடியாகப் போன அரசப் பெரணி அங்கே வைகாட்டோ பகுதிச் சதுப்புகளில் புகுந்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கிக்கொண்டு அடர்ந்திருக்கிறது. அங்கே அது களை. அதை விற்பதற்குத் தடை உண்டு. பிரிட்டனில் காக்க வேண்டிய செடி, நியூசிலாந்தில் ஒழிக்க வேண்டிய செடி. எந்தச் செடியையும் புதிய நாட்டு நீர்நிலையின் ஓரத்தில் வைக்குமுன் யோசிக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தமிழகத்துக்கும் இந்தக் குலத்தோடு உறவு உண்டு. நீலகிரி, பழனி, ஆனைமலை உயரங்களில் ஓடையோரங்களில் ஆஸ்முண்டா தானாகவே வளர்கிறது. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம், 1860களில் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் நூலாக்கியபோது இதையும் சேர்த்தார். அன்று அரசப் பெரணி என்றே குறித்தார்கள்; இன்று தென்னிந்தியச் செடியை ஆஸ்முண்டா ஹ்யூகெலியானா என்று தனி இனமாகப் பிரிப்பவர்கள் உண்டு. மலைத் தோட்டங்களில் ஓடைக்கரை உள்ளவர்கள் இதை முயலலாம். சமவெளியின் வெக்கைக்கு இது ஏற்றதல்ல. காட்டு ஓடையிலிருந்து பெயர்த்து வரும் எண்ணம் மட்டும் வேண்டாம். இங்கிலாந்தில் அப்படிப் பெயர்த்ததன் விளைவு முன்னரே சொல்லப்பட்டது.

பெயர்க்காமல் பெருக்குவது எப்படி? பழைய வேர்மேட்டைப் பிளந்து பிரிக்கலாம். நார் மிக இறுகியது. ரம்பம் கொண்டு அறுக்க வேண்டியிருக்கும். பிரித்த துண்டு தேறச் சில ஆண்டுகளாகும். ஸ்போரே நல்ல வழி. இதன் ஸ்போர் பச்சை நிறமானது, பச்சையம் நிறைந்தது. மற்றப் பெரணிகள் பலவற்றின் பழுப்பு ஸ்போர்களை ஆண்டுக்கணக்கில் உறையில் வைத்திருக்கலாம். இதை வைத்திருக்க முடியாது; அறையில் கிடந்தால் சில நாட்களிலேயே முளைப்புத்திறன் குறையத் தொடங்கிச் சில வாரங்களில் போய்விடும். எனவே கோடைத் தொடக்கத்தில் கதிர் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் தருணத்தில் ஒரு துண்டை வெட்டிக் காகிதத்தில் வைக்க வேண்டும். மறுநாளே பச்சைத் தூள் கொட்டிக் கிடக்கும். அன்றே விதைத்துவிட வேண்டும்.

கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மக்குமண், அதன் மேல் மெல்லத் தூவிய ஸ்போர், மேலே கண்ணாடி மூடி. மண்ணால் மூடக் கூடாது. வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. சில நாட்களிலேயே மண் பச்சையாகத் தெரியத் தொடங்கும். பிறகு இதய வடிவத்தில் தட்டையான சிறு பச்சைத் தகடுகள் தோன்றும். அவை பெரணியின் மறுபிறவி: ஆண், பெண் உறுப்புகள் அவற்றில்தான் உண்டாகின்றன. ஆண் செல் பெண் செல்லை நோக்கி நீந்திப் போக வேண்டும். நீந்துவதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலமாவது இல்லாவிட்டால் கருவே இல்லை. ஆகவே அந்த நாட்களில் மழைநீரைப் பனிபோல் தெளித்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பின் தகட்டின் அடியிலிருந்து முதல் சிற்றிலை எட்டிப் பார்க்கும். விரலளவு வளர்ந்ததும் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றி, தொட்டிகளை ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைக்கலாம். மூடியை ஒரேயடியாக எடுத்துவிடாமல், நாளுக்குச் சிறிது நேரமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, வேர் தொட்டியை நிறைத்தபின், வசந்தத்தில் கரையில் நடலாம். அங்கே அது காலூன்றி உச்சியில் கதிர் விட இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.